பிரெஞ்சில் முதலில் பழக வேண்டியது மறுபடி கேட்பது

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளியில் இரண்டாம் மொழியாக எடுத்தவர்கள், பிளஸ் டூவில் மதிப்பெண் அள்ளலாம் என்று எடுத்தவர்கள், கல்லூரியில் பட்டமே வாங்கியவர்கள் எனத் தெருவுக்குச் சிலரையாவது காட்டிவிடலாம். ஆனால், வொயிட் டவுனில் ஒரு விருந்தினர் இல்லத்தின் வரவேற்பு மேசைக்கு ஆள் தேடிப் பாருங்கள். பாரிசிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பை எடுத்து, பெயரும் தேதியும் நேரமும் கேட்டுக் குறித்துக்கொண்டு, பதற்றமில்லாமல் வைக்கத் தெரிந்தவர் அரிதாகத்தான் கிடைக்கிறார். அப்படிப்பட்ட ஒரு மேசையில் நான் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பும் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அவர்களில் பலருக்கு என்னைவிட இலக்கணம் நன்றாகத் தெரியும். வினைச்சொல்லை எந்தக் காலத்தில் கேட்டாலும் அட்டவணைபோல ஒப்பிப்பார்கள். எதிரில் இருப்பவர் சொன்னதில் பாதி புரியாமல் போகும்போது என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது.

மொழி கற்பதில் முதல் திறன் அதுதான் என்பது என் முடிவு. புரியாத இடம் ஒவ்வொரு உரையாடலிலும் வரும். பத்தாண்டு படித்தவருக்கும் வரும். அந்த இடத்தில் பேச்சு அறுந்துபோகாமல் காப்பாற்றத் தெரிந்தவர், தமக்குத் தெரிந்த முந்நூறு சொற்களை வைத்துக்கொண்டே காரியத்தை முடித்துவிடுகிறார். இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. ஏ1 முதல் சி2 வரை மொழித்திறனை ஆறு நிலைகளாகப் பிரித்து ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகம், பேசுவதையும் கேட்பதையும் தனித்தனியாகச் சொல்வதோடு நில்லாமல், இருவர் மாறிமாறிப் பேசி ஒரு காரியத்தை நடத்துவதைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. புரியாத முக்கியச் சொல்லைப் பற்றி விளக்கம் கேட்கத் தெரிவது அதில் ஏ2 நிலைக்கு உரிய திறன். அதாவது தொடக்கக்காரர்களுக்கு உரியது. நம் வகுப்பறைகளில் அது ஒரு பாடமாகவே இருப்பதில்லை.

‘தயவுசெய்து திரும்பச் சொல்லுங்கள்’ என்னும் வாக்கியத்தை எல்லோரும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதனால் பயன் குறைவு. திரும்பச் சொல்லச் சொன்னால், எதிரில் இருப்பவர் அதே வாக்கியத்தை, அதே வேகத்தில், சற்று உரக்கச் சொல்வார். புரியாதது அப்படியே புரியாமல் நிற்கும். மூன்றாவது முறை கேட்க நமக்கும் கூச்சமாகிவிடும். மாறாக, புரிந்த பாதியை நாமே சொல்லிவிட்டுப் புரியாத பாதியை மட்டும் கேள்வியாக்கிக் கேட்டால் நிலைமை மாறிவிடுகிறது. ‘சனிக்கிழமை வருகிறீர்கள், சரி, எத்தனை மணிக்கு என்றீர்கள்?’ என்று கேட்டால், அவர் மணியை மட்டும் தனியாக, தெளிவாக, நிறுத்திச் சொல்வார். நாம் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுவதால் குரலில் எரிச்சல் வராது. ஆகவே, புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் பழக்குவது எப்போது, எங்கே, யார், எத்தனை, எது என்னும் கேள்விச் சொற்களைத்தான். வினைத்திரிபுகள் பின்னால் வரட்டும்.

மணி விஷயத்தில் இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் வேலைக்கே ஆபத்து. பிரெஞ்சில் இரண்டு மணி என்பது ஏறக்குறைய ‘தெஸேர்’ என்றும், பன்னிரண்டு மணி என்பது ‘தூஸேர்’ என்றும் ஒலிக்கும். நடுவே ஓர் உயிரொலிதான் வேறுபாடு. தொலைபேசியில் அது கரைந்துவிடும். ஒருநாள் சென்னை விமான நிலையத்துக்கு வண்டி கேட்ட ஓர் அம்மையாரிடம், எங்கள் மேசையில் இருந்த தம்பி, ‘மதியச் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?’ என்று கேட்டான். ‘பின்பு, பின்பு. பதினான்கு மணி’ என்று அவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். எண்ணைத் திரும்பக் கேட்காமல், அந்த எண்ணோடு சேர்ந்த வேறொரு செய்தியைக் கேட்டதில்தான் அவனுடைய சாமர்த்தியம் இருந்தது. இப்போது எங்கள் மேசையில் நேரத்தைப் பதினான்கு, பதினைந்து என இருபத்து நான்கு மணிக் கணக்கில் சொல்லியே உறுதிசெய்கிறோம். பிரான்சின் கடிகாரம் நம்முடையதைவிடக் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்தங்கி ஓடுவதால், திரும்ப அழைப்பதாகச் சொல்பவரிடம், அது புதுச்சேரி நேரமா பிரான்சு நேரமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

தொலைபேசி எண் எழுதுவது இன்னும் வேடிக்கையானது. பிரான்சில் எண்கள் பத்து இலக்கம் கொண்டவை. இரண்டிரண்டாக, ஐந்து சோடிகளாகச் சொல்வார்கள். நம்மைப்போல் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அத்துடன் எழுபது என்பதை அறுபதும் பத்தும் என்றும், எண்பது என்பதை நான்கு இருபதுகள் என்றும், தொண்ணூறு என்பதை நான்கு இருபதுகளும் பத்தும் என்றும் சொல்வது அவர்கள் கணக்கு. ஆகவே எழுபத்தேழு என்று சொல்லத் தொடங்கும்போது முதலில் காதில் விழுவது அறுபது. கை தானாகவே 6 எழுதிவிடும். தொண்ணூற்றேழு என்றால் முதலில் விழுவது நான்கு. எனவே சோடி முழுதும் காதில் விழுந்து, அவர் மூச்சுவிடும் வரை பேனாவைத் தாளில் வைக்கக் கூடாது என்பது எங்கள் மேசையின் சட்டம். எழுதி முடித்ததும் சோடிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறு சோடி இருந்தால், எங்கோ ஒரு எழுபத்தேழு அறுபதாகவும் பதினேழாகவும் உடைந்திருக்கிறது என்று பொருள். பிறகு எண்ணை நாமே திரும்ப வாசித்துக் காட்டுவது இன்றியமையாதது. இதற்கான பயிற்சிக்குச் செலவே இல்லை: வீட்டில் யாராவது ஒருவரைத் தாறுமாறாக எண்கள் படிக்கச் சொல்லி எழுதிப் பழகலாம், ஆள் இல்லாவிட்டால் நம் குரலையே கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டு மறுநாள் கேட்டு எழுதலாம்.

காதைப் பற்றி இன்னும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் படித்த பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். புத்தகத்தில் உள்ள பிரெஞ்சும் வாயில் வரும் பிரெஞ்சும் ஒன்றல்ல. ‘எனக்குத் தெரியாது’ என்பதைப் புத்தகம் நான்கு சொற்களாக எழுதும். எதிர்மறையைக் காட்ட, வினைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு சொற்கள் அதில் உண்டு. பேச்சில் முன்னால் உள்ளது விழுந்துவிடும். மீதமுள்ளவை ஒட்டிக்கொண்டு ‘ஷே பா’ என்று ஆகிவிடும். ‘இருக்கிறது’ என்பதற்கான மூன்று சொற்கள் ‘யா’ என்று சுருங்கிவிடும். ஒரு சொல்லின் முடிவில் ஒலிக்காமல் கிடந்த மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விழித்துக்கொண்டு அதனோடு போய் ஒட்டிக்கொள்ளும். இதில் நாம் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. ‘போய்விட்டு வருகிறேன்’ என்று எழுதி, ‘போய்ட்டு வரேன்’ என்று பேசுகிறவர்கள்தாம் நாம். எழுத்தும் பேச்சும் பிரிந்து நிற்கும் மொழியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகவே வர வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் பழக வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

எனக்குப் பெரிதும் உதவியது பிரான்சின் பன்னாட்டு வானொலியான ஆர்.எஃப்.ஐ. ஒலிபரப்பும் எளிய பிரெஞ்சுச் செய்தி. பத்து நிமிட நிகழ்ச்சி. பேசப்பட்டதன் எழுத்து வடிவமும் இணையத்தில் கிடைக்கிறது. முதல் முறை எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, யார், எங்கே, எப்போது, எத்தனை என்பவற்றை மட்டும் குறித்துக்கொள்வேன். இரண்டாம் முறை, குறித்தவற்றைச் சரிபார்ப்பதற்காக மட்டும் கேட்பேன். அதன் பிறகே எழுத்து வடிவத்தைத் திறந்து, ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, ஒலிபரப்பாளரின் வேகத்திலேயே அவருடன் சேர்ந்து வாய்விட்டுப் படிப்பேன். முழு நிகழ்ச்சியையும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. செய்யத் தொடங்கினால் நான்காம் நாளே அலுத்துப் போகும். எழுத்தை முன்னால் வைத்துக்கொண்டே கேட்பதும், தமிழ்ப் படத்தைப் பார்ப்பதுபோல் ஆங்கில வரிகளுடன் பிரெஞ்சுப் படங்களைப் பார்த்துத் தள்ளுவதும் காதைப் பழக்குவதில்லை என்பது என் கருத்து. கண் முந்திக்கொண்டால் காது வேலை செய்யாது.

உச்சரிப்பில் நமக்குச் சில தொல்லைகளும், எதிர்பாராத சில வசதிகளும் இருக்கின்றன. வசதியை முதலில் சொல்கிறேன். மூக்கொலி உயிர்கள் பிரெஞ்சின் கடினமான பகுதி என்று வகுப்பில் பயமுறுத்துவார்கள். ஆனால் ‘பணம்’, ‘மரம்’ என்று நாம் சாதாரணமாகப் பேசும்போது கடைசியில் உதடு மூடுவதில்லை. ஓர் ஒகரம் மூக்கின் வழியாகப் போய் முடிகிறது. ‘வந்தான்’ என்பதிலும் கடைசி மெய்யை நாக்கு தொடுவதில்லை. பிரெஞ்சு கேட்பது ஏறக்குறைய அந்த ஒலிகளைத்தான். தமிழைச் செய்தி வாசிப்பவர்போல் அழுத்தமாக உச்சரிக்காமல், வீட்டில் பேசுவதுபோல் பேசி, அந்த முடிவை மட்டும் எடுத்துப் பிரெஞ்சுக்குக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. நம் எழுத்தில் ஒரே ‘ப’ p, b என்னும் இரண்டு ஒலிகளுக்கும் நிற்பதால், பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் குறித்து வைத்துக்கொள்பவர்களுக்கு மீனும் குடிபானமும் ஒரே சொல்லாகிவிடும். இரண்டையும் ‘புவாசோன்’ என்றே எழுதத் தோன்றும். உணவகத்தில் பணிபுரிபவர்களுக்கு இது சிறிய சிக்கல் அல்ல. ஆகவே, தமிழ் எழுத்தில் பிரெஞ்சுக் குறிப்பு எடுக்காதீர்கள். (இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருப்பவற்றை வைத்தும் உச்சரித்துப் பார்க்க வேண்டாம், அவை சாடைக்காக எழுதப்பட்டவை.) இன்னொன்று, உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்லும் ஈகாரம். ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் ‘ஊ’ சொல்வதுபோல் குவிக்க வேண்டும். இதை வெறும் ‘ஊ’ ஆக்கிவிட்டால் மேலே என்பதும் கீழே என்பதும் ஒன்றாகிவிடும். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு விருந்தினர் தவறான மாடிக்குப் போவார். வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு சிறிய கண்ணாடி வைத்திருக்கிறோம். உதடு குவிகிறதா என்று பிள்ளைகள் அதில் பார்த்துப் பழகுவார்கள். உறுதியில்லாதபோது சொல்லோடு விரலாலும் மாடியைக் காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

சொல் தெரியாத இடத்தைச் சுற்றிக்கொண்டு போகத் தெரிவது அடுத்த திறன். வில்லியனூரிலிருந்து வரும் தம்பி ஒருவன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் அறையில் ஏ.சி. ஒழுகுவதை அங்கே தங்கியிருந்தவரிடம் விளக்க வேண்டியிருந்தது. ‘அக்கா, ஒழுகுறதுக்கு என்ன?’ என்று கண்ணாலேயே என்னிடம் கேட்டான். நான் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். சற்று யோசித்துவிட்டு, ‘ஐயா, குளிர் கொடுக்கும் எந்திரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது, ஆள் வருகிறார், அரை மணி நேரம், அதுவரை உங்களுக்கு வேறு அறை’ என்று பிரெஞ்சில் துண்டு துண்டாகச் சொன்னான். அவர் உடனே, ‘ஓ, ஏ.சி. ஒழுகுகிறதா?’ என்று சரியான சொற்களில் அதைத் திருப்பிச் சொன்னார். காரியமும் முடிந்தது, அவனுக்கு இரண்டு சொற்களும் கிடைத்தன. அவற்றை அவன் அதன்பின் ஒருநாளும் மறக்கவில்லை. இதற்குத் தேவையான சரக்கு மிகக் குறைவு. பொருள், எந்திரம், ஆள், இடம் என்னும் பொதுச் சொற்கள், ‘இதற்காகப் பயன்படுவது’, ‘இதைப் போன்றது’, ‘இதற்கு எதிரானது’ என்னும் தொடர்கள், அவ்வளவுதான். வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, இட்லிக் கொப்பரை, அரிவாள்மணை, கொசுவர்த்திச் சுருள் என்று கண்ணில் படுவதையெல்லாம் பெயர் சொல்லாமல் பிரெஞ்சில் விளக்கிப் பழகினால், அகராதியில் இல்லாத பொருளுக்கும் வழி பிறக்கும்.

யோசிக்கும் நேரத்தில் வாயை மூடிக்கொள்வதும் ஒரு குறையே. நேரில் என்றால் நம் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். தொலைபேசியில் மௌனம் என்றால் இணைப்பு அறுந்துவிட்டது என்று வைத்துவிடுவார்கள். தமிழில் ‘வந்து…’, ‘அதாவது…’ என்று நாம் இழுப்பதுபோல், பிரெஞ்சிலும் ‘அலோர்’, ‘வுவாலா’ போன்ற இடைநிரப்பிகள் இருக்கின்றன. அங்கே ‘ஆக்சுவலி’ என்று ஆங்கிலத்தைப் போட்டால், எதிரில் இருப்பவர் உதவி செய்வதாக நினைத்து ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அதன்பின் அவரைப் பிரெஞ்சுக்குத் திருப்புவது கடினம்.

மரியாதையைப் பற்றி வகுப்பில் நீ, நீங்கள் வேறுபாட்டை மட்டும் சொல்லிக் கொடுப்பார்கள். அது நமக்குப் பிறவியிலேயே தெரிந்தது; வயதில் இளையவராக இருந்தாலும் விருந்தினரை ‘நீங்கள்’ என்றே சொல்ல வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நமக்குப் பழக்கமில்லாதது வணக்கம்தான். மளிகைக் கடையில் நின்று, ‘அண்ணே, அரை லிட்டர் பால்’ என்று நேராக ஆரம்பிப்பவர்கள் நாம். ‘அண்ணே’ என்பதிலேயே எல்லா மரியாதையும் அடங்கிவிடுகிறது. பிரெஞ்சுக்காரரிடம் வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்டால், அது எவ்வளவு பணிவான கேள்வியாக இருந்தாலும் முகம் சுருங்கிவிடும். லிஃப்டில் ஏறினாலும், கடையில் நுழைந்தாலும், அறைக்குத் துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதலில் ‘போன்ழூர்’. அதைச் சொல்லிவிட்டால், பின்னால் வரும் இலக்கணப் பிழைகளைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை.

எழுத்தையும் வாசிப்பையும் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதிப் பழகியதில் எழுத்து வந்தது. விருந்தினர்கள் எழுதும் நல்ல வாக்கியங்களை ஒரு நோட்டில் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த பதிலில் பயன்படுத்தினேன். சுஃப்ரேன் வீதியில் 1889 முதல் இயங்கிவரும் அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற இடங்களில் சேர்ந்தால் இவற்றை முறையாகவே படிக்கலாம். பிரெஞ்சு மொழித்திறனுக்குச் சான்றிதழ் தரும் தெல்ஃப் தேர்வுக்கும் தயாராகலாம். அந்தத் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்குக்கும் தலா 25 மதிப்பெண்கள். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. கணக்கைக் கவனியுங்கள்: வாசிப்பில் 22, எழுத்தில் 20, கேட்பதில் 8, பேசுவதில் 5 என்று எடுத்தவரும் 55 பெற்றுச் சான்றிதழோடு வெளியே வந்துவிடுவார். பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பவர்களுக்கு 2026 சனவரி முதல் பி2 நிலை தேவை என்று ஆகியிருப்பதால், கணவரோ மனைவியோ அங்கே இருக்கும் குடும்பங்களில் இந்தத் தேர்வுகளைப் பற்றிய பேச்சு இப்போது அதிகமாகவே கேட்கிறது. அவர்கள் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல், நான்கில் எது குறைவு என்று பார்த்து அங்கே உழைப்பது நல்லது.

பேசிப் பழக ஆள் வேண்டுமே என்பார்கள். இந்த ஊரில் அந்தக் குறை இல்லை. 1962 ஆகஸ்டில் ஊர் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன; பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் திரும்பிய ‘சொல்தா’க்களை முத்தியால்பேட்டையிலும் குருசுக்குப்பத்திலும் காணலாம். மாலையில் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்ட கடற்கரைச் சாலையில் நடக்கும் பெரியவர்களிடம் மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தால், பிரெஞ்சில் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சி அவர்களுக்கே அதிகமாக இருக்கும். இரும்புக் குண்டுகளை உருட்டி விளையாடும் பெத்தாங்க் ஆட்டமும் நல்ல இடம். ‘உன் முறை’, ‘குறைந்துவிட்டது’, ‘நல்ல ஆட்டம்’ என்று ஒரே சில வாக்கியங்கள் மாலை முழுதும் திரும்பத் திரும்ப வருவதால், கூச்சமுள்ளவர்களுக்கும் வாய் திறந்துவிடும்.

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு சொல்தா தாத்தாவிடம் நான் நெடுநாள் பேசிப் பழகினேன். அவர் பிரெஞ்சைப் படை முகாமில் கற்றவர். வாக்கியத்துக்கு வாக்கியம் குறுக்கே வந்து திருத்துவார்; எனக்குச் சொல்ல வந்ததே மறந்துவிடும்.

‘தாத்தா, நான் சொல்லி முடிச்சதும் திருத்துங்களேன்’ என்றேன்.

‘அதுக்குள்ள எனக்கு மறந்துடுமேம்மா. சரி, தப்பு வந்தா தடியைத் தட்டுறேன். நீ நிக்காம பேசிட்டுப் போ.’

அதன்பின் தடி தரையில் தட்டும். நான் நிற்காமல் பேசுவேன். எந்த இடத்தில் அதிகம் தட்டுகிறது என்று சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது: போனேன், வந்தேன், கிளம்பினேன் என்று இறந்த காலத்தில் சொல்லும் இடங்களில். பிரெஞ்சில் பெரும்பாலான வினைகளுக்கு ஒரு துணைவினையும், இப்படிப் போக்குவரவைக் குறிக்கும் சில வினைகளுக்கு வேறொரு துணைவினையும் வரும். பேச்சைக் கெடுக்காமல் அதை மட்டும் தனியே எடுத்துப் பழகினேன். நீங்களும் யாருடனாவது பேசிப் பழகுவதாக இருந்தால், எல்லாவற்றையும் திருத்தச் சொல்லாதீர்கள். இந்த வாரம் இறந்த காலத்தை மட்டும் பாருங்கள், அடுத்த வாரம் எண்களை மட்டும் பாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்காருங்கள்.